அன்னக்கிளியின் இரண்டாவது பாட்டு

முள்ளுக்குறிச்சியிலும் சுற்று ஊர்களிலும் நோம்பிக்குக் கச்சேரி போடும் பிள்ளைகளுக்கு,

கண்ணுகளா,

இதை உங்களில் ஒருவரை டீக்கடையில் நிறுத்தியே சொல்லியிருக்கலாம். தினமும் முகம் பார்த்துக்கொள்கிறவர்கள்தானே நாம். ஆனால் நடந்தது மேடையில் நடந்தது, ஊரே கேட்டது. அதனால் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

போன மாரியம்மன் நோம்பியில் உங்கள் கச்சேரியைக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன். கீபோர்டு, இரண்டு கிட்டார், ரிதம் பேடு எல்லாம் வைத்துக்கொண்டு, கூடவே நம்மூர்ப் பம்பையையும் பறையையும் மேடை ஏற்றியிருந்தீர்கள். கோயிலில் அடித்துவிட்டு ஓரமாக நிற்கும் பம்பைக்காரரை நடுமேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்களே, அதை இந்த ஊரில் அதற்கு முன் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பத்து மணி சுமாருக்கு 'அன்னக்கிளி உன்னைத் தேடுதே' பாடினீர்கள். பாடிய பிள்ளையின் குரல் மணி மாதிரி இருந்தது. பாதியில் வேகத்தை ஏற்றி, பேடில் குத்து அடித்து, கூட்டத்தை எழுப்பி ஆடவிட்டீர்கள். நோம்பி என்றால் ஆட்டம் வேண்டும்தான். பாட்டு முடிந்ததும் கிழங்கு மில்லுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெரியம்மா எழுந்து, "சாமி, இதையே டி.எம்.எஸ். பாடியிருப்பாரே, அந்த ஒண்ணையும் பாடுங்க" என்று கேட்டார். "அழுவாச்சிப் பாட்டெல்லாம் வேண்டாம் பெரியம்மா" என்று மைக்கிலேயே பதில் வந்தது. கூட்டம் சிரித்தது. அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நீங்கள் எடுத்தது, காதலித்து ஏமாற்றிவிட்டாள் என்று பெண்களை ஏசும் பாட்டு. அதன் பெயர் வேண்டாம், அந்த மாதிரிப் பாட்டு எத்தனையோ இருக்கின்றன. பாடிய தம்பி மேடை விளிம்புக்கு வந்து, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கைநீட்டிக் காட்டிக்காட்டிப் பாடினார். பையன்கள் விசில் அடித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் பின்னாலேயே மற்ற நாலு பேரும் எழுந்தார்கள். விடியும் வரை அந்தப் பாய் காலியாகவே கிடந்தது.

அந்தக் காலிப் பாய் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பாடத் தெரிந்தவன் இல்லை. ரேடியோ செட்டு கட்டியவன். 1976இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு ஒரு செட்டுக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். புளியமரத்திலும் தென்னையிலும் ஏறிக் குழாய் கட்டுவது, ஆம்ப்ளிஃபயரைத் தலைச்சுமையாகத் தூக்கிப் போவது, ரெக்கார்டின் தூசியை மெத்தென்ற துணியால் துடைத்துவைப்பது, இதெல்லாம் என் வேலை. கரண்ட் இல்லாத கொட்டாய்களுக்கு பேட்டரியும் சுமப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டு, மே மாதம் 14ஆம் தேதி, 'அன்னக்கிளி' படம் வெளியானது.

உங்களுக்கு இளையராஜா என்றால் ஒரு மலை. பிறக்கும்போதே அந்த மலை அங்கே நின்றது. எங்களுக்கு அப்படி இல்லை, அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேட்டோம். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியத்தோடு அலைந்தவர். சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் கற்றவர், கிட்டார் வாசித்தவர், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். வாய்ப்பு தேடிப் போன இடத்தில் பஞ்சு அருணாசலத்துக்கு மேசையில் தாளம் தட்டியே பாடிக் காட்டியதையும், முதல் ஒலிப்பதிவு அன்று கரண்ட் போனதையும் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். கரண்ட் போன மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற எங்களுக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

கிராமத்து மெட்டு அதற்கு முன்பும் சினிமாவில் இருந்தது. 1957இலேயே கே. வி. மகாதேவன் இசையில் 'மணப்பாறை மாடு கட்டி' வந்துவிட்டது. 'அன்னக்கிளி'யில் வேறொன்று நடந்தது. களையெடுக்கிறவள் வாயிலிருந்து வருவது போன்ற மெட்டு, அதன் பக்கத்தில் கிட்டாரும் வயலினும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தன. குழாய் வழியாக அது காட்டுக்குள் போனபோது, குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததை மரத்தின் மேலிருந்து நானே பார்த்தேன். தங்கள் பாட்டை யாரோ புதுச்சட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பது போல அவர்கள் பார்த்தார்கள். அந்த ரெக்கார்டு ஒரே வருஷத்தில் வரி தேய்ந்து, சில இடங்களில் ஊசி ஒரே சொல்லிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அந்தப் படத்தில் 'அன்னக்கிளி உன்னைத் தேடுதே' இரண்டு முறை வரும். ஒன்று எஸ். ஜானகி பாடியது, நம்பிக்கையோடு தேடும் பெண்ணின் குரல். இன்னொன்று டி. எம். சௌந்தரராஜன் பாடியது, அதே மெட்டு இழந்தவன் குரலில். ஜானகியின் பாட்டு கல்யாண வீட்டுக்கு, பூப்பு நன்னீராட்டுக்கு, காதுகுத்துக்கு எல்லாம் ஒலித்தது. டி.எம்.எஸ். பாட்டைக் கேட்க ஆட்கள் ராத்திரியில்தான் வருவார்கள். கூட்டம் கலைந்த பிறகு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்து, "தம்பி, அதப் போடு" என்பார்கள். எது என்று நாங்கள் கேட்டதே கிடையாது.

கதை உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊருக்கு வரும் வாத்தியாரை அன்னம் விரும்புகிறாள், அவனும் விரும்புகிறான். ஆனால் வேறொருத்தியைக் கல்யாணம் செய்யும்படி ஆகிவிடுகிறது. அன்னம் அந்தக் குடும்பத்தைச் சபிப்பதில்லை. அவர்களுக்கு நல்லவளாகவே இருந்து கடைசியில் உயிரையும் விடுகிறாள். சுஜாதாவும் சிவகுமாரும் அதை நடித்துக் காட்டிய விதத்தில் தியேட்டரே விம்மியது. இருந்தாலும் வயதான பிறகு யோசிக்கும்போது ஒன்று எனக்கு ஒப்பவில்லை: மனசு உடைந்த பெண் உயிரைக் கொடுத்தால்தான் அவளுடைய காதல் உண்மை என்று ஒரு படம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கதையைப் பின்பற்றுங்கள் என்று நான் உங்களிடம் கேட்கவில்லை, பாட்டைத்தான் கேட்கிறேன். ஆண் குரலில் வரும் அந்தப் பாட்டில் அவளைத் திட்டும் ஒரு சொல் கிடையாது. கையை விட்டவன் தான்தான் என்று தெரிந்தவனின் குரல் அது. அதனாலேயே அது ஐம்பது வருஷமாகக் கெடாமல் இருக்கிறது.

என் கதையையும் ஒன்று சொல்கிறேன். இந்த வயதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கொட்டாயில் ஒருத்தி இருந்தாள். செட்டு கட்டும் நாளிலெல்லாம் தம்பியை அனுப்பிப் பாட்டு கேட்பாள். எது கேட்டாலும் நான் முதலில் அதைத்தான் போடுவேன். எங்களுக்குள் இருந்த பேச்சு முழுவதும் ரெக்கார்டு வழியாக நடந்தது. என் மனசில் இருந்ததை ஒரு நாள் சொன்னேன். "வீட்ல பாக்கிற எடத்துக்குத்தான் போவேன், என்னய நெனைக்காதீங்க" என்றாள். முகம் பார்த்து, தெளிவாகச் சொன்னாள். ஆறு மாதத்தில் ஆத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு செட்டு எங்களுடையது.

வீட்டு முன்னால் இருந்த தென்னையில் நானே ஏறிக் குழாய் கட்டினேன். கூட்டாளிகள் கீழே நின்றுகொண்டு, "முகூர்த்தத்துக்கு டி.எம்.எஸ். பாட்டப் போட்டு உடுடா, நாலு ஊருக்கும் தெரியட்டும்" என்றார்கள். மேளக்காரர்கள் வந்து உட்காரும் நேரம். ரெக்கார்டு என் மடியில் இருந்தது. கை துடித்தது, பொய் சொல்ல மாட்டேன். நாலு ஊர் கேட்கும் குழாய் என் கையில் இருந்தது. அவளிடம் ஒன்றுமே இல்லை, தலைகுனிந்து உட்காரும் மணவறை ஒன்றைத் தவிர.

முதலாளி எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. என் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னார்: "மைக்கு நம்ம கையில இருக்குதுன்னா ஊர்க் காது நம்ம கையில இருக்குதுன்னு அர்த்தம். ஒருத்தர அழவெக்க அதத் தொடக் கூடாது." 'மணமகளே மருமகளே வா வா' ரெக்கார்டை எடுத்து என் கையில் கொடுத்தார். போட்டேன். முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது.

ராத்திரி ஒயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார், "இப்பப் போட்டுக்க, சத்தம் கம்மியா." மரத்துக் குழாய்களைக் கழற்றியாகிவிட்டது. ஒரு சின்ன ஸ்பீக்கரில் டி.எம்.எஸ். பாடினார். கேட்டது நாங்கள் இரண்டே பேர். பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்து வைத்தேன். சுற்ற வேண்டிய ஒயர் இன்னும் பாதி இருந்தது, சுற்றினேன். பாட்டு முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. துக்கம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது, அது போதுமாக இருந்தது.

கிட்டாரும் பம்பையும் சேர்ந்தால் கலப்படம் என்று பெரியவர்கள் சிலர் உங்களைக் குறை சொன்னது என் காதிலும் விழுந்தது. அதைப் பொருட்படுத்தாதீர்கள். உலகம் முழுவதும் நாட்டுப்பாட்டு இப்படித்தான் பிழைத்திருக்கிறது. 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அவருக்கே 2016இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. ஃபோக் ராக் என்று இன்று சொல்கிறார்களே, அது அந்தக் காலத்தில் வேர்பிடித்ததுதான். 1966இல் சைமன், கார்ஃபங்கல் என்ற இருவர் 'ஸ்கார்பரோ ஃபேர்' பாடினார்கள். அது அவர்கள் இயற்றியதில்லை, இங்கிலாந்தில் பல தலைமுறை வாய்வழியாக வந்த பாட்டு. பால் சைமன் அதை லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்ற பாடகரிடமிருந்து கற்றார். ஸ்கார்பரோ என்ற ஊரின் சந்தைக்குப் போகிறவனிடம், அங்கே இருக்கும் பழைய காதலிக்கு ஒருவன் செய்தி சொல்லி அனுப்புகிறான்: தையல் இல்லாமல் ஒரு சட்டை செய்யச் சொல், அப்புறம் அவள் என் காதலி. நடக்காத காரியத்தைக் கேட்பதன் மூலம், நடக்காது என்று தெரிந்துவிட்டதைச் சொல்கிறான். நம் சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிப் போகிற ஆளிடம் யாரோ இப்படிச் சொல்லி அனுப்புவது போல நினைத்துப் பாருங்கள். அந்நியமாகவே இருக்காது.

நம் சென்னையிலேயே, 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பறையையும் கானாவையும் கிட்டாரோடும் ராப்போடும் மேடை ஏற்றியது. நீங்கள் தனியாக இல்லை. வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பாட்டு யாரை என்ன செய்கிறது என்று கேட்பவருக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அந்தக் கேள்விக்கு நம் கொல்லிமலையிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஆடிப் பெருக்கை ஒட்டி, இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு மேலே நடக்கும் விழாவுக்குச் சில வருஷம் நான் செட்டு கட்டினேன். ஒரு தடவை மைக் சரிபார்க்கும்போது பேச வந்திருந்த ஒரு தமிழய்யா, பொழுது போக எனக்கு ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொன்னார். குறுந்தொகையில் 199ஆவது பாட்டு, பரணர் பாடியது. ஒருவன் ஒருத்தியை விரும்புகிறான். தோழியிடம் போய்க் கேட்கிறான், முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அவன் யாரிடம் பேசுகிறான் தெரியுமா? அவளிடமும் இல்லை, ஊரிடமும் இல்லை. தன் நெஞ்சிடம் பேசுகிறான். அவள் கிடைக்க மாட்டாள் என்றாலும் நமக்குக் கிடைப்பது ஒன்று உண்டு, நெஞ்சே, என்கிறான். அவள் கூந்தல் வாசத்துக்கு உவமை தேடும்போது, கொடையாளி ஓரியின் காட்டைத் தொட்டு வரும் காற்று அவன் நினைவுக்கு வருகிறது. நம் கொல்லிமலைக் காற்று! இந்த நோய்க்கு முடிவே இல்லை, மறுபிறப்பிலும் இருந்தால் சரி என்று முடிக்கிறான்.

நான் அந்த ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுக்கப்பட்டவனின் பாட்டில் மறுத்தவளுடைய கூந்தல் மணக்கிறது. அவளை ஒரு வார்த்தை குறை சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. முடிவில்லாத நோய் என்கிறான், பாட்டோ எட்டே அடியில் முடிந்துவிடுகிறது. எனக்கு ஒயர் சுற்றிய அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. ஓரியைக் காரி என்ற மன்னன் கொன்றான், மலை சேரன் கைக்குப் போனது, அதெல்லாம் சரித்திரம். ஓரியின் காட்டுக் காற்று மட்டும் ஒரு தோற்ற காதலனின் வாயில் இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது.

இனி நீங்கள் அன்று பாடிய, பெண்களை ஏசும் அந்தப் பாட்டுக்கு வருகிறேன்.

"அது சும்மா ஜாலிக்குப் பெரியப்பா" என்று உங்களில் ஒரு தம்பி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உன் மனசில் கெட்டது இல்லை என்பது எனக்குத் தெரியும், சாமி. ஆனால் அந்தப் பாய் எவ்வளவு சீக்கிரம் காலியானது என்று நினைத்துப் பார். விரும்பியவள் மறுத்தால் அவள் ஏமாற்றுக்காரி, அவளுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று ஒரு பாட்டு சொல்லச்சொல்ல, அதைக் கேட்டு வளர்கிற ஆயிரம் பையன்களில் ஒருவன் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறான். மறுத்தாள் என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்பிள்ளைகள் வெட்டப்பட்ட செய்தியும், முகத்தில் அமிலம் வீசப்பட்ட செய்தியும் நம் தமிழ்நாட்டிலிருந்து எத்தனை முறை வந்துவிட்டது! பாட்டு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையனுக்கு ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ள வேறு வார்த்தை யாராவது கற்றுக்கொடுத்தார்களா? வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்வது 2013இலிருந்தே சட்டப்படி குற்றம். சட்டம் அவனைப் பிடிக்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்திருக்கும். அதற்கு முன்னால் அவன் காதுக்குப் போய்ச் சேருவது பாட்டு ஒன்றுதான். அந்தப் பாட்டு உங்கள் கையில் இருக்கிறது.

கொல்லிப்பாவையை வைத்து உங்களில் ஒருவர் அன்று ஒரு வசனமும் பேசினார்: சிரித்தே கொல்கிறவள், எங்க ஊர்ப் பொண்ணுங்களும் அப்படித்தான் என்று. சங்கப் பாட்டிலேயே வருகிறவள் பாவை. காதலியின் அழகுக்கு அவளைத்தான் உவமை சொன்னார்கள். மலையில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: கெட்ட எண்ணத்தோடு ஏறி வருகிறவர்களைத்தான் அவள் சிரித்து அழித்தாள், மலையைக் காக்கத்தான் நின்றாள் என்பார்கள். எட்டுக்கை அம்மனாக இன்றைக்கும் அவளைக் கும்பிடுகிறோம். சிரித்ததற்காக அவளை யாரும் ஏசுவதில்லை. அந்தப் பெயரை எடுத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மேல் எறிவது தகாது.

குறை சொல்லி முடித்துவிட்டுப் போகவில்லை. வரும் நோம்பிக்கு உங்களிடம் மூன்று கேட்கிறேன்.

முதலாவது, அன்னக்கிளியின் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் பாடுங்கள். முதல் பாட்டை ஆட்டத்தோடு பாடுங்கள், எனக்கு மனத்தாங்கல் இல்லை. அது முடிந்ததும் பேடை நிறுத்திவிடுங்கள். கீபோர்டும் வேண்டாம். ஒரு கிட்டார், ஒரு குரல், பின்னால் கேட்டும் கேட்காததுமாகப் பம்பை. பம்பையை மெதுவாக அடிக்க முடியுமா என்று சந்தேகம் வரும். புறநானூற்றில் 152ஆவது பாட்டைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓரியைக் காட்டில் கண்ட பாணர் கூட்டம் பாடத் தயாராகிறது. முழவுக்கு மண் பூசு, யாழைச் சுருதி சேர், தூம்பை எடு, எல்லரியைத் தொடு, ஆகுளியைத் தொடு, பதலையை ஒரு பக்கம் மட்டும் மெல்லத் தட்டு என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறார் தலைவர். எனக்குத் தெரிந்த வரையில் நம் மலையைச் சேர்ந்த முதல் சவுண்டு செக் அதுதான். எந்த வாத்தியம் எப்போது அடங்க வேண்டும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, வீட்டுக் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களிலும் அடிவாரத்துக் கொட்டாய்களிலும், சாமை குத்தும்போதும் நடவிலும் பாடிய பாட்டு இன்னும் சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. மாமனைக் கட்டிக்கொள்ள முடியாமல் போன பாட்டு, சந்தைக்குப் போனவன் திரும்பாத பாட்டு எல்லாம் அவர்களிடம் இருக்கும். பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேகரித்து வைத்த நாட்டுப்பாடல்களை கி. வா. ஜகந்நாதன் 1958இல் 'மலையருவி' என்று பதிப்பித்தார். நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுத்தார். அவர்கள் பேனாவும் நோட்டும் கொண்டு போனார்கள், உங்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கிறது. கேட்டு, அனுமதி வாங்கி, யார் பாடியது என்று பெயரோடு பதிந்து வையுங்கள். அதில் ஒன்றே ஒன்றை உங்கள் கிட்டாரோடு சேர்த்து மேடையில் பாடுங்கள். பாடும் முன் அந்தக் கிழவியின் பெயரை மைக்கில் சொல்லுங்கள்.

மூன்றாவது, யாரையும் கைகாட்டிப் பாடாதீர்கள். சோகம் வந்தால் உங்கள் நெஞ்சைத் தொட்டுப் பாடுங்கள், பரணரின் ஆள் செய்த மாதிரி. ஏமாற்றத்தைப் பாட ஆண்பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. அழுதாலும் தப்பில்லை. ஆண்பிள்ளை மேடையில் அழுவதைப் பார்க்கிற சின்னப் பையனுக்கு, வலித்தால் இதைச் செய்யலாம் போலிருக்கிறது என்று ஒரு வழி தெரியும். அழுவாச்சிப் பாட்டு வேண்டாம் என்று பெரியம்மாவை உட்கார வைத்தீர்கள். அந்த அழுவாச்சிப் பாட்டுதான் ஒரு கல்யாண வீட்டு ராத்திரியில் என் துக்கத்தை இறக்கி வைக்க இடம் கொடுத்த பாட்டு.

புறநானூற்றில் நான் சொன்ன அந்த 152ஆவது பாட்டுக்கு அடுத்த பாட்டு ஓரியின் கொடையைப் பற்றியது. அவன் அள்ளிக் கொடுத்ததை வாங்கிய கலைஞர்கள், பசி மறந்த களிப்பில் ஆடலையும் பாடலையும் மறந்துபோனார்களாம். கைதட்டலும் விசிலும் நமக்குக் கிடைக்கும் கொடைதான். அதில் மயங்கி எதற்காகப் பாட வந்தோம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

செட்டு வேலையை விட்டு வருஷம் பல ஆகிவிட்டது. ஆனாலும் வரும் நோம்பி அன்று சாயங்காலமே மேடைக்கு வந்துவிடுகிறேன். ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பினால் பின்வரிசைக்கும் குரல் தெளிவாகப் போகும் என்று காட்டுகிறேன். பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் வருவார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டியது நீங்கள். முன்வரிசைப் பாயை நான் விரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
பழைய ரேடியோ செட்டுக்காரன்
முள்ளுக்குறிச்சி